டெர்மன் கரும்பலகையை விட்டுப் போனது நஷ்டமா?

மார்ச் 3, காலை 9.10. ஒரு வாசகர் கேட்டது

ஃப்ரெடரிக் டெர்மன் பற்றி எங்கே படித்தாலும் ‘சிலிக்கான் பள்ளத்தாக்கின் தந்தை’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. ரேடியோப் பொறியியலுக்கே பாடப்புத்தகம் எழுதிய ஒரு மின்பொறியியல் பேராசிரியர் டீன் ஆகி, அதற்கும் மேலே போய், கடைசி இருபது வருஷம் ஃபைல் பார்த்தே கழித்திருக்கிறார். இது நஷ்டம் இல்லையா? வாத்தியார்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.40

நான் வாத்தியார்தான். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) டிபார்ட்மென்டில் 31 வருஷம், அதில் கடைசி 9 வருஷம் ஹெச்.ஓ.டி., அதாவது துறைத்தலைவர். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ஊர்க்கதை இல்லை, வீட்டுக்கதை.

என் பதில்: நஷ்டம். சந்தேகமே வேண்டாம்.

ஹெச்.ஓ.டி. நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அக்ரெடிடேஷன் குழு வருகிறது என்றால் ஆறு மாதத்துக்கு லேப் பக்கம் தலைவைக்க முடியாது. ஒரு தடவை மெஷின்ஸ் லேபில் டி.சி. மோட்டாரில் பிரஷ் தேய்ந்து தீப்பொறி பறக்கிறது என்று லேப் அசிஸ்டென்ட் ஓடி வந்து நிற்கிறார். நானோ, “மூணாவது காப்பியில கையெழுத்து எங்கே?” என்று யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன். மோட்டாரைப் போய்ப் பார்த்தது மறுநாள்தான்.

டெர்மன் விஷயத்தில் நஷ்டம் இன்னும் பெரிது. 1932இல் அவர் எழுதிய ரேடியோ இன்ஜினியரிங் நாலாவது பதிப்பில் எலக்ட்ரானிக் அண்ட் ரேடியோ இன்ஜினியரிங் என்று பெயர் மாறி 1955இல் வந்தது. நான் படித்தது அதைத்தான். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, முதுகு பிய்ந்து துணி ஒட்டியது. சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் கண்ணுக்குக் காட்டிவிடுவார், கணக்கு அப்புறம் வரும். ட்யூன்டு சர்க்யூட் (ஒரு அலைவெண்ணை மட்டும் பொறுக்கி எடுக்கும் சுற்று) எனக்குப் புரிந்தது அந்த வளைகோடுகளில்தான்.

1955 என்பதைக் கவனியுங்கள். அதே வருஷம் அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். ஐந்தாவது பதிப்பு வரவே இல்லை.

மார்ச் 4, காலை 6.15

திருத்தம். நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் ‘தலைவர்’ என்று எழுதிவிட்டேன். அவர் தலைவர் ஆனதே இல்லை. 1955 முதல் 1965 வரை ப்ரவோஸ்ட். தலைவர் வாலஸ் ஸ்டெர்லிங்.

நம் ஊர்ப் பதவிகளில் இதற்கு நேராக ஒன்று கிடையாது. துணைவேந்தர் வேலையை இரண்டாகப் பிளந்து, மேடை, மாலை, நன்கொடை, பழைய மாணவர் விருந்து எல்லாம் ஒருவருக்கு. யாரை எடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு, எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் இன்னொருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர்தான் ப்ரவோஸ்ட். மாலை விழாத நாற்காலி, ஆனால் பிடி அங்கேதான்.

மார்ச் 4, மதியம்

சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். நஷ்டக் கணக்கு போடுவதற்கு முன்னால் அவர் எப்படி ரேடியோவுக்கு வந்தார் என்று பார்க்க வேண்டும். அதுவே ஒரு விபத்து.

பிறந்தது 1900 ஜூன் 7, இண்டியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஊரின் பெயரே இங்கிலீஷ். (வினாத்தாளில் கேட்டால் பையன்கள் திணறிப்போவார்கள்: “டெர்மன் பிறந்தது இங்கிலீஷில்.”) அப்பா லூயிஸ் டெர்மன் உளவியல் பேராசிரியர். 1910இல் அவருக்கு ஸ்டான்ஃபோர்டில் வேலை கிடைக்கிறது. ஆகப் பையன் வளாகத்துப் பிள்ளை. படிப்பும் அங்கேதான், முதலில் வேதியியல் பக்கம், பிறகு மின்பொறியியல். டாக்டர் பட்டத்துக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் எம்.ஐ.டி. போகிறார். வழிகாட்டி வனீவர் புஷ். ஆய்வு எதில் தெரியுமா? மின்கடத்துத் தடங்களின் நிலைத்தன்மை. நம் பவர் சிஸ்டம்ஸ்! ரேடியோவே இல்லை.

1924இல் பட்டம். எம்.ஐ.டி.யிலேயே பாடம் நடத்த அழைப்பும் இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவரைக் காசநோய் பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி மருந்தெல்லாம் கனவிலும் இல்லாத காலம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் படுக்கை. படுத்தபடியே ரேடியோ படித்தார். 1925இல் ஸ்டான்ஃபோர்டில் அரைநேர வேலையாகத் தொடங்கினார், உடம்பு அதற்குமேல் தாங்காது என்று. அங்கே துறைத்தலைவர் ஹாரிஸ் ரயன், உயர் அழுத்த மின்சாரத்தில் பெரிய ஆள். கிழக்கே எம்.ஐ.டி.க்கே திரும்பிப் போயிருந்தால் டெர்மன் வாழ்நாள் முழுக்கக் கம்பித் தடங்களோடு இருந்திருக்கலாம்.

பவர் சிஸ்டம்ஸ்காரர்கள் கோபப்பட வேண்டாம். நானும் அந்த ஜாதிதான்.

மார்ச் 6, இரவு

இது நீளும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கேள்வி கேட்டவர் ‘ஃபைல் பார்த்தே கழித்தார்’ என்று எழுதியது இரண்டு நாளாக உறுத்துகிறது. 1937இல் அவர் துறைத்தலைவர் ஆகிறார். அதற்கு அடுத்த இரண்டு வருஷத்தில் செய்த வேலையைப் பாருங்கள்.

டேவிட் பாக்கார்டு அவர் மாணவர். 1934இல் பட்டம் வாங்கி, ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை கிடைத்து ஸ்கெனெக்டடிக்குப் போய்விட்டார். பொருளாதார வீழ்ச்சி இன்னும் தீராத நேரம், அந்த வேலை லேசுப்பட்டதல்ல. 1938இல் டெர்மன் ஒரு 500 டாலர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து, “திரும்பி வா, இங்கே ஆராய்ச்சி செய்” என்று கூப்பிட்டுக்கொள்கிறார். இன்னொரு மாணவர் வில்லியம் ஹியூலெட் அங்கேயே இருக்கிறார். இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யட்டும் என்பது வாத்தியாரின் ஆசை. 1939 ஜனவரி 1 அன்று ஹியூலெட்-பாக்கார்டு (ஹெச்.பி.) கம்பெனி. முதலீடு 538 டாலர். இடம், பாலோ ஆல்ட்டோவில் அடிசன் அவென்யூவில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகை. யார் பெயர் முதலில் வருவது என்பதற்குக் காசு சுண்டிப் பார்த்தார்கள்.

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அவர்கள் விற்ற சாமான். ஆடியோ ஆஸிலேட்டர், அதாவது காதுக்குக் கேட்கும் அலைவெண்களில் மின் அலை உண்டாக்கும் கருவி. 1930களில் எதிர்மறைப் பின்னூட்டம் (வெளிவரும் அலையில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டு, உள்ளே வருவதை அடக்குவது) புத்தம் புதிய சங்கதி. டெர்மன் அதை ஒரு கருத்தரங்க வகுப்பாகவே எடுத்தார். அதிலிருந்து கிளம்பியதுதான் ஹியூலெட்டின் யோசனை.

ஆஸிலேட்டரின் தொல்லை இதுதான்: கெயின் (அலையைப் பெருக்கும் அளவு) கொஞ்சம் குறைந்தால் அலை செத்துப்போகும், கொஞ்சம் கூடினால் வளர்ந்துகொண்டே போய் உச்சி வெட்டுப்படும். ஹியூலெட் ஒரு சாதாரண இழை பல்பைப் பின்னூட்டப் பாதையில் வைத்தார். அலை பெருத்தால் பல்பு வழியே மின்னோட்டம் கூடும், இழை சூடேறும், தடை ஏறும், பின்னூட்டம் கூடி கெயின் தானாக இறங்கும். அலை இளைத்தால் நேர் எதிர். யாரும் தொட வேண்டாம், அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். முதல் மாடலுக்கு 200ஏ என்று பெயர் வைத்தார்கள், இதுதான் முதல் சாமான் என்று வாங்குகிறவனுக்குத் தெரியக்கூடாதாம். விலை 54 டாலர் 40 சென்ட். அப்புறம்தான் தெரிந்தது, செய்கிற செலவே அதற்கு மேலே. டிஸ்னி கம்பெனி அடுத்த மாடலில் எட்டு வாங்கியது.

நாங்கள் லேபில் இதே வகையான வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர் வைக்கும்போது பாதிப் பையன்களுக்கு சைன் அலை வராது, மண்டை வெட்டிய அலைதான் வரும். ஒரு வருஷம் குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் குட்டி பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்துப் பார்த்தேன். ஸ்கோப்பில் அலை தள்ளாடி, தள்ளாடி, அப்படியே படிந்து நின்றது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் விசில் அடித்தான். பல்பு எரியக்கூட இல்லை சார், அப்புறம் எப்படி வேலை செய்யுது என்று கேட்டான். என் பணிக்காலத்தில் வந்த நல்ல கேள்விகளில் அது ஒன்று.

டெர்மன் அந்தப் பக்கம் போகும்போது கொட்டகையைப் பார்ப்பாராம். கார் உள்ளே நின்றால் ஆர்டர் இல்லை. கார் வெளியே நின்றால் உள்ளே வேலை நடக்கிறது, வியாபாரம் நன்றாக இருக்கிறது. ஒரு துறைத்தலைவர் மாணவனின் கார் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறார்! நான் என் பையன்களின் அட்டென்டன்ஸைப் பார்த்தேன்.

ஒன்று தோன்றுகிறது. நல்ல நிர்வாகி அந்த பல்பு மாதிரி. ஒளிவிடாமல், வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மற்றதை ஒழுங்காக ஓடவிடுவார்.

மார்ச் 7, காலை

பல்பு உவமையை வாபஸ் வாங்குகிறேன். இரவு 11 மணிக்கு எழுதினால் இப்படித்தான். பல்பின் வேலை கெயினைக் கட்டுப்படுத்துவது. டெர்மன் வாழ்நாளில் எதையும் கட்டுப்படுத்தியதாகத் தெரியவில்லை. கெயினை ஏற்றிக்கொண்டே போனவர். அலை எங்கே வெட்டுப்பட்டது என்பதையும் பிறகு பார்ப்போம்.

மார்ச் 9

ஒரு தம்பி கேட்கிறார்: “துறைத்தலைவர் வரைக்கும் சரி சார், அதற்கு மேலே எப்படிப் போனார்? யாராவது தள்ளினார்களா?”

யுத்தம் தள்ளியது. 1942இல் ஹார்வர்டு வளாகத்தில் ரேடியோ ரிசர்ச் லேபரட்டரி என்று ஒன்றை அமைத்து டெர்மனைத் தலைமைக்குக் கூப்பிட்டார்கள். பெயர் சாதுவாக இருக்கிறது. வேலை, எதிரியின் ரேடார் கண்ணைக் குருடாக்குவது. ஜெர்மன் ரேடாரின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி நீளத்துக்கு அலுமினியத் துணுக்குகளை வெட்டி விமானத்திலிருந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஆன்டெனா. ரேடார் திரை முழுக்கப் பொய் விமானம். பிரிட்டன் தனியாக இதையே செய்துகொண்டிருந்தது, 1943 ஜூலையில் ஹாம்பர்க் மேல் கொட்டியது. அமெரிக்கப் பக்கத்து வேலைக்கு டெர்மனின் கூடம். துணுக்குகளோடு ரேடாரைத் திணறடிக்கும் இரைச்சல் டிரான்ஸ்மிட்டர்களும் செய்தார்கள். மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறையை நடத்திக்கொண்டிருந்தவர் கையில் திடீரென்று 800 பேருக்கு மேல்.

ஹார்வர்டில் இருந்துகொண்டு அவர் கவனித்த விஷயம் முக்கியம். அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் யாரிடம் போகிறது? எம்.ஐ.டி., ஹார்வர்டு. ஸ்டான்ஃபோர்டு பட்டியலில் கீழே எங்கேயோ. 1943இலேயே அங்கிருந்து ஊருக்கு எழுதிவிட்டார்: யுத்தம் முடிந்து வரும் வருஷங்களில் ஒன்று நாம் கிழக்கில் ஹார்வர்டு இருப்பதுபோல மேற்கில் நிற்போம், இல்லை டார்ட்மத் மட்டத்துக்கு இறங்கிவிடுவோம் என்ற பொருளில். டார்ட்மத் படித்தவர்கள் மன்னிக்க.

அப்படியானால் தள்ளப்படவில்லை. ஆசைப்பட்டுத்தான் போனார். என் தலையில் பதவி விழுந்தது சீனியாரிட்டியால். எனக்கு முன்னால் இருந்தவர் ரிட்டையர் ஆனார், பெல் அடித்தது, நான் எழுந்து உட்கார்ந்தேன். என் கதையை வைத்து அவர் கதையை அளந்தது தப்பு. மார்ச் 3 பதிவில் ‘சந்தேகமே வேண்டாம்’ என்று எழுதியவன் யாரோ.

மார்ச் 10

அளந்தது என்று எழுதிய கையோடு இது ஞாபகம் வந்தது.

அப்பா லூயிஸ் டெர்மன் யார் என்று அன்று பாதியில் விட்டுவிட்டேன். ஸ்டான்ஃபோர்டு–பினே அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியவர். ஐ.க்யூ. என்ற அறிவுத்திறன் எண்ணை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பரப்பியவர்களில் முதல் ஆள். 1921இல் கலிஃபோர்னியாவில் மேதைப் பிள்ளைகளைச் சல்லடை போட்டுத் தேடிப் பட்டியல் எடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து ஆராய்ச்சி செய்தார். அவரது சொந்தப் பிள்ளைகளும் பட்டியலில் உண்டு. அதாவது நம்ம ஃப்ரெடரிக்கும்.

அந்தச் சல்லடையில் விழாமல் போன இரண்டு பையன்கள்: வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரஸ். சோதித்துவிட்டு, போதாது என்று விட்டுவிட்டார்கள். ஷாக்லிக்கு டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல், அல்வாரஸுக்கு 1968இல். தேறிய ஆயிரத்துச் சொச்சம் பேரில் யாருக்கும் நோபல் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், அப்பா கழித்துவிட்ட அதே ஷாக்லி 1950களின் நடுவில் தன் கம்பெனியை மவுன்டன் வியூவில் தொடங்கியபோது ஊக்கம் கொடுத்து வரவேற்றவர் மகன். ஷாக்லியின் அம்மா பாலோ ஆல்ட்டோவில் இருந்ததும் ஒரு காரணம் என்பார்கள். 1957இல் அவரோடு ஒத்துப்போக முடியாமல் எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற சிலிக்கான் சாதனக் கம்பெனியைத் தொடங்கினார்கள். மிச்சம் உலகத்துக்கே தெரியும். ஷாக்லி 1963இல் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆகி, அப்புறம் இனத்தையும் அறிவையும் முடிச்சுப்போட்டுப் பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். லூயிஸ் டெர்மனே, ‘நல்ல’ வம்சம் மட்டும் பெருக வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளர்தான்.

மகன் மனிதர்களை ஐ.க்யூ. வைத்து அளக்கவில்லை. வேறு அளவுகோல் வைத்திருந்தார். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 13

நாளைக்கு என்று சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. எழுதத் தயங்கினேன் என்பதே உண்மை.

யுத்தம் முடிந்து பொறியியல் டீனாகத் திரும்பியவர், 1955இல் ப்ரவோஸ்ட் ஆனதும் தன் கொள்கையைப் பல்கலைக்கழகம் முழுக்க விரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சிறப்பின் கூர்கோபுரங்கள்’. எல்லாத் துறையையும் சமமாக உயர்த்தப் பணம் இல்லை. சில துறைகளை, அதிலும் சில ஆட்களைத் தேர்ந்தெடுத்து வானளவு உயர்த்து, அது தூரத்திலிருந்தே தெரியும், மாணவர்களும் பணமும் தேடி வரும். இதைப் படித்தபோது பிற்காலத்து நம் கோயில்கள் ஞாபகம் வந்தன. வாசல் கோபுரம் உயர உயர, சாமி இருக்கிற விமானம் குட்டையாகத் தெரியும். தஞ்சாவூர் அப்படியில்லை, தெரியும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆள் எடுப்பதில் மனிதர் கில்லாடி. டிரான்சிஸ்டர் பிறந்த பெல் லேபிலிருந்து ஜான் லின்வில்லைக் கூட்டிவந்தார். லின்வில் டிரான்சிஸ்டர் பாடத்தைக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்ற இளைஞரை ஷாக்லியின் கம்பெனிக்கு அனுப்பித் தொழிலைக் கற்றுவரச் செய்து, வளாகத்திலேயே சாதனங்களைச் செய்ய வைத்தார்கள். அந்த கிப்பன்ஸ் பின்னாளில் டீன் ஆனார்.

பணத்துக்கு வழி, அரசாங்க ஒப்பந்தங்கள். ஒரு பேராசிரியரின் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தப் பணத்தில் போட்டால், மிச்சமாகும் பல்கலைக்கழகப் பணத்தில் இன்னொருவரை எடுக்கலாம். சாமர்த்தியம்தான். ஆனால் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பவருக்கு ராணுவம் சம்பளம் தருமா? எத்தனை டாக்டர் பட்டம், எத்தனை மாணவர், எவ்வளவு ஆராய்ச்சிப் பணம் என்று துறைவாரியாக எண்ணிக் கையில் வைத்திருந்தார். துறைகளின் ஆள் எடுப்பில் நேரடியாகத் தலையிட்டார். கலைப் பக்கத்திலும் அறிவியல் பக்கத்திலும் பலருக்குத் தீராத மனக்கசப்பு. அலை வெட்டுப்பட்டது இங்கேதான்.

இப்போது என் பங்கு.

எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு சீனியர் இருந்தார். மெஷின்ஸ் எடுப்பார். மோட்டார் ஓடும் சத்தத்தை வராந்தாவில் நின்று கேட்டே “லோடு ஏறிப்போச்சு, குறை” என்று குரல் கொடுப்பார். ஒரு வயரிங் தப்பு அவர் கண்ணுக்குத் தப்பாது. பாடம் எடுத்தால் பக்கத்து செக்‌ஷன் பையன்கள் ஜன்னலில் நிற்பார்கள். பேப்பர் எழுதியதில்லை. கருத்தரங்குக்குப் போனதில்லை. பாயின்ட் முறை வந்தது. கட்டுரைக்கு இத்தனை, பிராஜெக்ட்டுக்கு இத்தனை. ஃபார்மை நிரப்பிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார், எல்லாக் கட்டத்திலும் கோடு. துறைத்தலைவர் மதிப்பெண் போடும் கட்டம் என்னுடையது. நான் நியாயமாகத்தான் போட்டேன். அதாவது ஃபார்ம் சொன்னபடி. பதவி உயர்வு அவருக்கு வரவில்லை, அவரிடம் மெஷின்ஸ் படித்த இன்னொருவருக்கு வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

டெர்மனைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை?

மார்ச் 14

நேற்றைய பதிவுக்கு ‘ஃபார்மை மாற்றியிருக்கலாமே’ என்று ஒருவர். மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ‘கட்டத்துக்கு வெளியே ஒரு வரி எழுதியிருக்கலாமே’ என்று இன்னொருவர். அது முடிந்திருக்கும். எழுதவில்லை.

மார்ச் 15

கொஞ்சம் நிலம் புலம் பேசுவோம், மனசு லேசாகும்.

ஸ்டான்ஃபோர்டிடம் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம். நிறுவனர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு எழுதிவைத்த பத்திரத்தில் விற்கக் கூடாது என்று ஷரத்து. சொத்து இருக்கிறது, கையில் காசு இல்லை. நம் ஊரில் எத்தனை பெரிய வீடுகள் இப்படி. விற்கத்தானே கூடாது, குத்தகைக்கு விடலாமே என்று 1951இல் தொழிற்பூங்கா ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது வேரியன் கம்பெனி. பிறகு ஹெச்.பி.யும் வந்தது. குத்தகைப் பணம் என்பதோடு விட்டுவிடாமல், பல்கலைக்கழகத்துக்குப் பயன்படும் தொழில்நுட்பக் கம்பெனிகளாகப் பார்த்து வரச் செய்ததில் டெர்மனுக்குப் பெரிய பங்கு. 1954இல் இன்னொரு காரியம்: பக்கத்துக் கம்பெனி இன்ஜினியர்கள் வேலையில் இருந்துகொண்டே வளாகத்து வகுப்பில் உட்கார்ந்து முதுகலை படிக்கலாம் என்று திட்டம். மாலை வகுப்பு, தனி செக்‌ஷன் என்று ஒதுக்கவில்லை, அதே வகுப்பு.

மார்ச் 15, மாலை

அந்த வேரியன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘தந்தை’ பட்டத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1937இல் ரஸ்ஸல், சிகர்ட் வேரியன் சகோதரர்கள் க்ளைஸ்ட்ரானை (நுண்ணலைகளுக்கான வெற்றிடக் குழாய்) கண்டுபிடித்தது ஸ்டான்ஃபோர்டு இயற்பியல் துறையில், வில்லியம் ஹான்சனோடு. சாமான் செலவுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது 100 டாலர். அது டெர்மன் துறையே இல்லை. இன்னும் பின்னால் போனால், டெர்மன் பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே பாலோ ஆல்ட்டோவில் ஃபெடரல் டெலிகிராஃப் கம்பெனி இருந்தது. மூன்றுமுனை ரேடியோ வால்வைக் கண்டுபிடித்த லீ டி ஃபாரஸ்ட் அங்கே வேலை பார்த்தார். வயல் ஏற்கெனவே உழுதிருந்தது. டெர்மன் நல்ல விவசாயி என்பேன்.

மார்ச் 19

“அப்படியென்றால் வேறு ஊரிலும் பயிர் செய்து காட்டியிருக்க வேண்டுமே?” சரியான கேள்வி. செய்து பார்த்தார், இரண்டு விதமாகவும் முடிந்தது.

1965இல் ஓய்வு. அந்தச் சமயத்தில் நியூ ஜெர்சியில் பெல் லேபும் மற்ற பெரிய கம்பெனிகளும், எங்களுக்கும் ஒரு ஸ்டான்ஃபோர்டு வேண்டும் என்று அவரிடம் ஆலோசனை கேட்டன. ஆள், பணம், ஆராய்ச்சிக் கூடம் எல்லாம் அங்கே கொட்டிக் கிடந்தது. ஆனால் ஒரு கம்பெனி இன்னொன்றோடு கைகோக்க மறுத்தது. திட்டம் படுத்துவிட்டது.

தென் கொரியாவில் நடந்தது வேறு. 1970இல் அமெரிக்க உதவி அமைப்பு அனுப்பிய குழுவுக்கு அவர் தலைவர். அறிவியல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு முதுகலை நிறுவனம் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1971இல் சோலில் அது தொடங்கியது. கொரியாவின் இன்றைய கைஸ்ட் பல்கலைக்கழகம் அதன் வாரிசு. அந்த அறிக்கையை இன்றும் டெர்மன் அறிக்கை என்றே சொல்கிறார்கள். 70 வயதில், ஒரு காலத்தில் உடம்புக்கு முடியாமல் அரைநேர வேலை பார்த்த மனிதர்.

சென்னை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா ஸ்டான்ஃபோர்டு நிலக்குத்தகையின் தூரத்துச் சொந்தம்தான். அதற்கு உழைத்த அசோக் ஜுன்ஜுன்வாலா, 2011 முதல் 2022 வரை அங்கே இயக்குநராக இருந்த பாஸ்கர் ராமமூர்த்தி இருவருமே மின்பொறியியல் பேராசிரியர்கள். அது தனி இழையாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே ஆரம்பித்தால் நான் ரிட்டையர் ஆனதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

மார்ச் 22

ராணுவப் பணம் பற்றி மார்ச் 13இல் லேசாகத் தொட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று ஒரு குட்டு விழுந்திருக்கிறது. சரி. 1969 ஏப்ரலில் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த மாணவர்கள் ஸ்டான்ஃபோர்டின் அப்ளைடு எலக்ட்ரானிக்ஸ் கூடத்துக்குள் புகுந்து ஒன்பது நாள் உட்கார்ந்துவிட்டார்கள். ரகசிய ஆராய்ச்சி வளாகத்தில் கூடாது என்பது கோரிக்கை. அந்த ஆராய்ச்சி நின்றது. டெர்மன் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தாலும் அந்தக் கூடத்தின் வேலை அவர் ஹார்வர்டில் நடத்திய யுத்தகால வேலையின் தொடர்ச்சிதான். ஒரே வேலை, நாற்பதுகளில் வீரம், அறுபதுகளில் வெட்கம்.

பெயர்கள் படுகிற பாடும் இருக்கிறது. பாலோ ஆல்ட்டோவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு டெர்மன் பெயர். முதலில் அப்பா பெயரில், பிறகு இருவர் பெயரிலும். அப்பாவின் இனமேம்பாட்டுக் கொள்கை காரணமாக 2018இல் மாற்றிவிட்டார்கள். மகனுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சும் எழுந்து அடங்கியது. ஹியூலெட்டும் பாக்கார்டும் பணம் கொடுத்து 1977இல் எழுந்த டெர்மன் இன்ஜினியரிங் கட்டடத்தை 2011இல் இடித்தாகிவிட்டது. ஒரு நீரூற்று மட்டும் மிச்சம். 1982 டிசம்பர் 19இல் அவர் இறந்தபோது இரண்டுமே நடந்திருக்கவில்லை.

மார்ச் 23

முதல் கேள்வி கேட்டவர் மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை, இன்று வந்து “ஆக நஷ்டமா இல்லையா சார்?” என்கிறார். ஐந்தாவது பதிப்பு வராதது நஷ்டம்தான், அதில் நான் இறங்கி வர மாட்டேன். டிரான்சிஸ்டரை அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று இன்றும் ஏக்கம். மற்றபடி அவர் வகுப்பை விட்டார் என்பதையே இப்போது நம்ப முடியவில்லை. யாரை எங்கே உட்கார வைப்பது என்று வாத்தியார் பார்ப்பாரே, அதையேதான் கடைசிவரை செய்திருக்கிறார், தனக்குப் பிடித்த பெஞ்சுகளுக்கு அதிகமாக.

ஏப்ரல் 2

இரண்டு பேர் எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம் என்று கேட்டதால் பரணில் ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஆமாம், நூலகப் பிரதியேதான். கடைசி அட்டையில் தேதி ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கிறது. என் பெயருக்கு மேலே, அதே வருஷம், அந்த மெஷின்ஸ் சீனியரின் இனிஷியல். அவரும் இதைப் படித்திருக்கிறார். ரெசனன்ஸ் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கணக்கு, என் கையெழுத்து இல்லை. போட்டுப் பார்த்தேன், விடை சரியாக வருகிறது.

நாளைக்கு அவருக்கு போன் செய்யலாம் என்று இருக்கிறேன். அபராதத்தை யார் கட்டுவது என்றும் பேச வேண்டும்.